பதினைந்து நிமிடத்துக்கு ஐந்து

பல்கலைக்கழகத் தேர்வுப் பிரிவில் அவருக்குப் பெயர் நிமிஷக்காரர். அப்பா அம்மா வைத்த பெயர் சம்பளப் பட்டியலில் மட்டும் உயிரோடு இருந்தது. மற்றபடி பதிவாளரிலிருந்து தண்ணீர் கேன் போட வருகிறவர் வரை எல்லோருக்கும் அவர் நிமிஷக்காரர்தான். கூடவே ஒரு 'சார்' போடுகிறவர்களும் உண்டு, போடாதவர்களும் உண்டு. இரண்டுக்கும் அவர் ஒரே மாதிரித் திரும்பிப் பார்ப்பார். அந்தப் பெயரில் அவருக்கு உள்ளூரக் கொஞ்சம் பெருமைகூட. சும்மா வந்த பெயரா அது?

முப்பத்தொரு வருடத்துக்கு முன்னால் அவர் அங்கே இளநிலை உதவியாளராகச் சேர்ந்தபோது, மாற்றுத்திறனாளி மாணவர்களுக்கென்று ஒரு விதியும் கிடையாது. கேட்டால் கிடைக்கும், அவ்வளவுதான். யாரிடம் கேட்பது, எப்போது கேட்பது, எவ்வளவு பாவமாக முகத்தை வைத்துக்கொண்டு கேட்பது என்பதெல்லாம் அவரவர் சாமர்த்தியம். ஒரு தேர்வு நாள் காலையில், பார்வை மங்கிய மாணவன் ஒருவன் கையில் பூதக்கண்ணாடியும் ஒரு மனுவுமாகத் தேர்வாணையர் அறைவாசலில் ஒன்பதரையிலிருந்து நின்றான். தேர்வாணையர் உள்ளே பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். பத்து மணிக்குத் தேர்வு தொடங்கிவிட்டது. பத்தேமுக்காலுக்கு மேல்தான் மனு வெளியே வந்தது. 'அரை மணி நேரம் கூடுதலாகத் தரலாம்' என்று பச்சை மையில் எழுதியிருந்தது. முப்பது நிமிடம் வாங்க அந்தப் பிள்ளை ஐம்பது நிமிடத்தைத் தொலைத்திருந்தான். மனுவைக் கையில் பிடித்துக்கொண்டு அவனோடு தேர்வுக்கூடம் வரை ஓடியது நம்முடைய இளநிலை உதவியாளர்தான். வாசலில் மூச்சு வாங்க நின்ற அந்தப் பையன் அவருக்கு நன்றி சொன்னான். அடித்திருந்தால்கூட அவருக்கு அவ்வளவு வலித்திருக்காது.

அன்றைக்குப் பிடித்த பிடி. ஒன்பது வருடம் விடவில்லை. ஊர் ஊராக மற்ற பல்கலைக்கழகங்களுக்குக் கடிதம் எழுதினார். மருத்துவர்களைப் போய்ப் பார்த்தார். மேலதிகாரிகள் மாறும்போதெல்லாம் முதலிலிருந்து ஆரம்பித்தார். கடைசியில் ஒரே ஒரு பக்க அட்டவணையை ஆட்சிக்குழுவில் நிறைவேற்ற வைத்தார். இடது பக்கம் குறைபாட்டின் தன்மை, வலது பக்கம் நிமிடம். பெரும்பாலானவர்களுக்குத் தேர்வு நேரத்தில் மணிக்கு இருபது நிமிடம் கூடுதல். யாரும் யார் வாசலிலும் நிற்க வேண்டாம். மருத்துவச் சான்றிதழைக் கொடுத்தால் போதும், நிமிடம் தானாக வரும். பிச்சை என்பது போய்க் கணக்கு என்று ஆயிற்று. அவரைக் கிண்டல் செய்கிறவர்களிடம் நான் ஒன்று சொல்வேன்: அந்த ஒரு பக்கத்தை அவர் கொண்டுவராமல் இருந்திருந்தால், இன்றைக்கும் யாராவது ஒரு பிள்ளை பேப்பர் படிக்கிறவரின் வாசலில் நின்றுகொண்டிருக்கும்.

அவர் மனைவி ஒரு பல் மருத்துவமனையில் வரவேற்பு மேசையில் இருந்தார். நாள் முழுக்க வலியோடு வருகிறவர்களை உட்காரவைத்துச் சமாளிக்கிற வேலை. வாய் கொஞ்சம் துடுக்கு. குளியலறையில் கணவர் நேரம் எடுத்துக்கொண்டால், "என்ன நிமிஷக்காரரே, உங்க அட்டவணைப்படி எவ்வளவு ஆகும்?" என்று கதவைத் தட்டுவார். முழங்கால் வலி வந்தபிறகு, "மாடி ஏற எனக்கும் மணிக்கு இருபது நிமிஷம் போட்டுக் குடுங்க, கையெழுத்தோட" என்பார். அவரும் சிரித்துக்கொண்டே, "சான்றிதழ் கொண்டா" என்பார். அந்த வீட்டில் அட்டவணை ஒரு மூன்றாவது ஆள் மாதிரி இருந்தது.

ஓய்வு பெற ஒன்றரை வருடம் இருக்கும்போது அந்தப் பெண் வந்தாள்.

மருந்தாளர் படிப்பில் கடைசி வருடம். கவுண்டரில் வந்து நின்றதும், "சொல்லும்மா" என்றார். அவள் சொல்லவில்லை. வாயைத் திறந்தாள், தாடை இறுகியது, கழுத்து நரம்பு எழும்பியது, கண் ஒருமுறை மூடித் திறந்தது. சத்தம் வரவில்லை. பின்னால் நின்ற பையன் செல்போனைப் பார்க்கிற மாதிரி அவளைப் பார்த்தான். அவள் அலட்டிக்கொள்ளாமல் பையிலிருந்து ஒரு கடிதத்தை எடுத்துக் கண்ணாடிக்குக் கீழே தள்ளினாள். அவளுக்கு இது தினப்படி வேலை என்பது அந்தத் தள்ளிய விதத்திலேயே தெரிந்தது.

இரண்டு பக்கக் கடிதம். எழுத்து குண்டு குண்டாக, அடித்தல் திருத்தல் இல்லாமல் இருந்தது. அவளுக்குக் கடுமையான திக்குவாய். எழுத்துத் தேர்வு எல்லாவற்றிலும் தேறிவிட்டாள். பதினைந்து நிமிட வாய்மொழித் தேர்வு ஒன்று பாக்கி. ஐம்பது மதிப்பெண்ணில் இருபத்தைந்து எடுக்க வேண்டும். போன முறை பன்னிரண்டு எடுத்தாள். விதிப்படி இரண்டே வாய்ப்புதான், இரண்டாவதும் போனால் நான்கு வருடப் படிப்பும் பட்டமில்லாமல் முடிந்துவிடும். அதனால் ஒரே ஒரு வேண்டுகோள். 'கேள்விகளை வழக்கம்போல வாயால் கேளுங்கள். பதிலை அங்கேயே, உங்கள் கண் முன்னால், உடனுக்குடன் எழுதித் தருகிறேன். எனக்குக் கூடுதல் நேரம் தேவையில்லை.'

நிமிஷக்காரர் அதை இரண்டு முறை படித்தார். நியாயமாகத்தான் பட்டது. ஒரு பேனா, நாலு வெள்ளைத்தாள். பல்கலைக்கழகம் இதற்காகக் கட்டடமா கட்ட வேண்டும்?

ஆனால் படிவத்தை எடுத்ததும் கை நின்றது. அந்தப் படிவமும் அவர் வடிவமைத்ததுதான். அதில் மாணவர் பெயர், குறைபாடு, சான்றிதழ் எண் இவற்றுக்குக் கீழே ஒரே கட்டம்: 'பரிந்துரைக்கப்படும் கூடுதல் நேரம் (நிமிடங்களில்)'. பேனாவுக்கும் தாளுக்கும் அதில் இடமில்லை. கட்டத்தைக் காலியாக விட்டால் கோப்பு மேலே போகாது. 'முழுமையற்றது' என்று முத்திரை வாங்கிக்கொண்டு இரண்டு வாரம் கழித்துத் திரும்பி வரும். தேர்வுக்கோ ஐந்து வாரம்தான் இருந்தது. முப்பத்தொரு வருடம் கோப்புகளோடு குடித்தனம் நடத்தியவருக்கு இதெல்லாம் அத்துப்படி. அட்டவணையைப் பார்த்தார். மணிக்கு இருபது என்றால் பதினைந்து நிமிடத்துக்கு ஐந்து. கட்டத்தில் 5 என்று போட்டார். கோப்பு நகரட்டும், குழு கூடும்போது வாயால் விளக்கிக்கொள்ளலாம் என்று நினைத்தார். கடிதத்தைப் பின்னால் இணைத்துக் கையெழுத்துப் போட்டு அனுப்பிவிட்டார்.

அன்று சாப்பிடும்போது மனைவியிடம் சொன்னார். மனைவி தட்டிலிருந்து தலையைத் தூக்கினார்.

"அந்தப் பொண்ணு நேரமே வேணாம்னு தானே எழுதியிருக்கு?"

"ஆமா."

"பேனா கேட்டவளுக்கு நீங்க ஏன் நிமிஷம் குடுத்தீங்க?"

"கோப்புன்னா என்னன்னு தெரியாம பேசாத. நம்பர் இல்லாம ஒரு தாள் அங்க அசையாது. இது சும்மா ஒரு வழி."

"எங்க டாக்டர் ஒருநாள் வலிக்கிற பல்லை விட்டுட்டு பக்கத்துப் பல்லைப் புடுங்கிட்டாரு. அவரும் இதே மாதிரிதான் ரொம்ப நேரம் விளக்கம் சொன்னாரு."

அவருக்குச் சுருக்கென்றது. எழுந்து கை கழுவப் போய்விட்டார்.

குழு பதினெட்டு நாள் கழித்துக் கூடியது. 'நியாயமான வசதிகள் குழு' என்று அதற்குப் பெயர். வசதி எது என்பதை அவர்கள் ஆராய்ந்ததாக நான் கேள்விப்பட்டதில்லை, 'நியாயமான' என்பதைத்தான் துருவித் துருவி ஆராய்வார்கள். நீள மேசையின் ஒரு தலைப்பில் புலத்தலைவர் இருந்தார். வலப்புறம் மருந்தியல் துறைத் தலைவி, இடப்புறம் பல்கலைக்கழக மருத்துவர். கடைசியில், குறிப்பெடுக்கும் செயலராக நிமிஷக்காரர். தட்டில் பிஸ்கட், ஆளுக்கொரு தண்ணீர் பாட்டில். பதினொன்றரைக்கு ஆரம்பித்து, புலத்தலைவருக்கு வேறு கூட்டம் இருந்ததால் பன்னிரண்டரைக்குள் முடிக்க வேண்டும். முதல் மூன்று கோப்புகளும் அட்டவணைப்படியே இருந்ததால் ஆறு நிமிடத்தில் முடிந்தன. நாலாவதை எடுத்தார்கள்.

"இது திக்குவாய் கேசா?" என்றார் மருத்துவர், பிஸ்கட்டை எடுத்துக்கொண்டே.

"ஆமா டாக்டர். அந்தப் பொண்ணு கேக்கிறது நேரம் இல்ல. பதிலை எழுதிக் குடுக்கிறேன்னு கேக்குது," என்றார் நிமிஷக்காரர்.

துறைத் தலைவி மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். "நல்லாப் படிக்கிற பொண்ணு. நான் இல்லேன்னு சொல்லல. ஆனா வாய்மொழித் தேர்வுன்னு எதுக்கு வச்சிருக்கோம்? எழுதிக் குடுத்தா அது இன்னொரு எழுத்துத் தேர்வு. நாளைக்கு மருந்துக்கடையில நிக்கப்போகுது. வர்றவங்ககிட்ட பேச வேணாமா?"

"இப்பவே நிக்குதுங்க மேடம். ரெண்டு வருஷமா சாயங்காலத்துல ஒரு மருந்துக்கடையில வேலை பாக்குது. எந்த மாத்திரை எப்பன்னு உறை மேல எழுதிக் குடுக்குமாம். எழுதிக் குடுக்கிறதால வயசானவங்க அதுகிட்டத்தான் கேட்டு வாங்குறாங்களாம். கடிதத்துல ரெண்டாவது பக்கம் இருக்கு."

ஒருவரும் இரண்டாவது பக்கத்தைத் திருப்பவில்லை. திருப்பினால் காகிதம் கையைக் கடித்துவிடும் போலிருக்கிறது.

"பேசப் பயம்னு நாளைக்கு நூறு பேரு வருவாங்க. எல்லாருக்கும் பேனா குடுக்கிறதா?" என்றார் மருத்துவர்.

"சான்றிதழ் இருக்குங்களே டாக்டர். நீங்கதான் குடுத்திருக்கீங்க." நிமிஷக்காரர் கொஞ்சம் தயங்கி, "அந்தப் பொண்ணை வரவழைச்சு நேர்ல ஒரு வார்த்தை கேட்டுட்டா நல்லது. வெளிய தாழ்வாரத்துலதான் உக்காந்திருக்கு," என்றார்.

மருத்துவர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். "கூப்பிட்டா பன்னெண்டரைக்கு முடியாது."

துறைத் தலைவிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. உடனே உதட்டைக் கடித்துக்கொண்டார். புலத்தலைவர் சிரிக்கவில்லை. அவர் மரியாதை தெரிந்த மனிதர். அதனால் யோசித்துத்தான் கேட்டார்.

"நீங்களே படிவத்துல அஞ்சு நிமிஷம்னு பரிந்துரை பண்ணியிருக்கீங்களே?"

"அது கோப்பு நகரணுமேன்னு போட்டதுங்க சார்."

"அப்ப நீங்க நம்பாத ஒண்ணை எழுதிக் கையெழுத்துப் போட்டிருக்கீங்க."

நிமிஷக்காரர் வாயைத் திறந்தார். ஒன்றும் வரவில்லை. புலத்தலைவர் தன் கோப்பிலிருந்து அட்டவணையை எடுத்து, அடியில் பொடி எழுத்தில் இருந்த வரியை நிதானமாகப் படித்தார். "'இவ்வட்டவணையில் கண்டதற்கு மேற்பட்ட எந்த வசதியும் நியாயமானதாகக் கருதப்படமாட்டாது.' தெளிவா இருக்கு. இதை யாரு எழுதினாங்கன்னு தெரியல, ஆனா நல்லா எழுதியிருக்காங்க."

"நான்தாங்க சார்," என்றார் நிமிஷக்காரர்.

அது அவர் எழுதியதுதான். இருபத்திரண்டு வருடத்துக்கு முன்னால், அட்டவணையை ஆட்சிக்குழுவில் வைத்த அன்று, மூத்த உறுப்பினர் ஒருவர் முரண்டு பிடித்தார். இதற்கு ஒரு எல்லை வேண்டாமா, நாளைக்கு ஆளாளுக்கு ஒன்று கேட்டால் என்ன செய்வது என்றார். ஒன்பது வருட உழைப்பு கண்ணெதிரே கவிழப் பார்த்தது. தேநீர் இடைவேளையில் நம் ஆள் தட்டச்சு அறைக்கு ஓடி, தானே உட்கார்ந்து அந்த வரியைச் சேர்த்துக் கொண்டுவந்தார். முதலில் நிறைவேறட்டும், பிறகு மெல்ல எடுத்துவிடலாம் என்று கணக்குப் போட்டார். பிறகு எடுக்கவில்லை. எடுக்க வேண்டிய தேவையும் வரவில்லை, ஏனென்றால் அவருக்கு அது இருந்ததே மறந்துபோயிருந்தது.

புலத்தலைவர் குரலை இன்னும் தாழ்த்தினார். "பாருங்க, உங்க மனசு எனக்குப் புரியுது. அட்டவணை சரியில்லைன்னு நீங்க சொன்னா, முழு அட்டவணையையும் மறுபரிசீலனைக்கு எடுத்துக்கலாம். பல துறையிலேருந்து புகார் வந்துட்டுத்தான் இருக்கு, மணிக்கு இருபது அதிகம்னு. பத்துன்னு வைக்கச் சொல்றாங்க. இந்தப் பருவத்துல அட்டவணைப்படி எத்தனை பேரு?"

"நாப்பத்தி மூணு பேருங்க."

"எடுத்துக்கலாமா?"

மருத்துவர் தண்ணீர் பாட்டிலின் மூடியைத் திருகினார். நாற்பத்து மூன்று பேரையும் நிமிஷக்காரருக்கு முகம் தெரியும். வலிப்பு வருகிற கணிதத் துறைப் பையன், கை நடுங்கும் வரலாற்றுத் துறைப் பெண், எழுத்து தலைகீழாகத் தெரியும் இரட்டையர். ஒரு பேனாவுக்காக அவர்கள் எல்லோருடைய பத்து நிமிடத்தையும் மேசைமேல் வைப்பதா? இது அவருக்கு உண்மையாகவே வந்த யோசனைதான். கூடவே இன்னொரு யோசனையும் வந்தது, அதை அவர் அப்போதைக்கு ஏறிட்டுப் பார்க்கவில்லை: அட்டவணை போனால் தான் யார்?

"வேண்டாங்க சார்," என்றார்.

தீர்மானத்தைக் குறிப்பேட்டில் அவரே எழுதினார். கூடுதலாக ஐந்து நிமிடம், தேர்வுப் பிரிவு அலுவலர் நேரில் இருந்து நேரத்தைக் கண்காணிக்க வேண்டும். பன்னிரண்டு பத்துக்கே கூட்டம் முடிந்துவிட்டது. அந்தப் பெண்ணைக் கூப்பிட்டிருந்தால் இருபது நிமிடம் தாராளமாக இருந்திருக்கும்.

தாழ்வாரத்தில் அவளிடம் நகலைக் கொடுத்தார். அவள் அதைப் படித்தாள். '5' என்பதன்மேல் விரலை வைத்து, நிமிர்ந்து அவரைப் பார்த்தாள். கேள்விக்கு வாய் தேவைப்படவில்லை. "நானும் சொல்லிப் பாத்தேம்மா," என்று சொல்லிவிட்டு அவர் வேகமாக நடந்தார். மறுநாள் தன் மாற்றுக் கருத்தை ஒன்றரைப் பக்கம் தட்டச்சு செய்தார். மூன்று நாள் மேசை இழுப்பறையில் கிடந்தது. நாலாம் நாள் கிழித்துக் குப்பைக்கூடையில் போட்டார். வீட்டில் விஷயத்தைச் சொன்னார். அதற்கப்புறம் மனைவி குளியலறைக் கதவைத் தட்டவில்லை.

தேர்வு ஆய்வகத்தில் நடந்தது. ஓரத்தில் சொட்டிக்கொண்டிருந்த குழாய், சுவரில் சீசாக்கள், நடுவில் ஒரு மேசை. வெளியூர் பல்கலைக்கழகத்திலிருந்து வந்த தேர்வாளரும் துறைத் தலைவியும் ஒரு பக்கம், அந்தப் பெண் எதிர்ப்பக்கம். நிமிஷக்காரர் சுவரோரமாகக் கைக்கடிகாரத்தைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார்.

தேர்வாளர் நல்ல மனிதர். சிரித்த முகம். "பயப்படாதம்மா, நிதானமா சொல்லு," என்றார். திக்குகிறவர்களிடம் நிதானமாகச் சொல் என்பது, நொண்டுகிறவரிடம் நேராக நட என்பது போலத்தான். அது அவருக்குத் தெரியாது, பாவம். முதல் கேள்விக்கு அவள் நாலு நிமிடம் எடுத்துக்கொண்டாள். பதில் முழுக்கச் சரி. இரண்டாவதில் மாட்டிக்கொண்டாள். இரண்டு மருந்துகளைச் சொல்லி, இவற்றோடு சேர்த்துக் கொடுக்கக்கூடாதது எது என்று கேட்டார்.

அவளுக்குத் தெரியும். தெரிந்தது அவள் கண்ணில் பளிச்சென்று வந்ததை நிமிஷக்காரர் பார்த்தார். திக்குகிறவர்களுக்கு ஒரு வித்தை உண்டு. ஒரு சொல் வராது என்று தெரிந்தால் பக்கத்துச் சொல்லுக்குத் தாவிவிடுவார்கள். 'வீடு' வராவிட்டால் 'இல்லம்' என்பார்கள். ஆனால் மருந்தின் பெயருக்குப் பக்கத்துச் சொல் கிடையாது. அவள் சுற்றி வந்து பார்த்தாள்.

"ரத்தம் உ... உறையாம இருக்க... கு... குடுக்கிற..."

"அதோட பேரு, பேரைச் சொல்லும்மா."

பேர் வரவில்லை. உதடு ஒட்டிக்கொண்டது. முகம் சிவந்தது. குழாய் சொட்டிக்கொண்டே இருந்தது. ஒரு நிமிடம், இரண்டு நிமிடம். அவளுடைய வலது கை தானாகவே மேசைமேல் நகர்ந்து, ஆள்காட்டி விரலால் மரப்பலகையில் எழுத ஆரம்பித்தது. மூன்று எழுத்து எழுதியிருப்பாள்.

"எழுதக்கூடாதும்மா," என்றார் துறைத் தலைவி. "தீர்மானத்துல இல்ல."

விரல் நின்றது. தேர்வாளர் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். "எழுதினா என்னங்க? எனக்கு ஒண்ணும் ஆட்சேபணை இல்ல. பதில் தெரியுதான்னு தானே பாக்கணும்."

"என்னைக் கேட்டா எப்படி? தேர்வுப் பிரிவு ஆள் அங்க இருக்காரே," என்றார் துறைத் தலைவி.

இரண்டு பேரும் சுவரோரம் திரும்பினார்கள். அந்தப் பெண்ணும் திரும்பினாள். நிமிஷக்காரரின் சட்டைப்பையில் பேனா இருந்தது. 'எழுதட்டுங்க' என்று ஒரு சொல் சொன்னால் போதும், தேர்வாளரே தாள் எடுத்துக் கொடுத்திருப்பார். துறைத் தலைவி மேலிடத்துக்குப் புகார் எழுதுவார், எழுதட்டுமே. அட்டவணையைத் தூக்கி மேசையில் போடுவார்கள், போடட்டுமே. நாற்பத்து மூன்று பேருக்காக மறுபடி சண்டை போட ஒன்றரை வருடம் இருந்தது அவருக்கு. ஒன்பது வருடம் போட்ட ஆள்தானே.

"தீர்மானத்துல அஞ்சு நிமிஷம்தாங்க இருக்கு," என்றார்.

அப்புறம் அவள் அவ்வளவாக முயற்சி செய்யவில்லை. கேட்ட கேள்விகளில் சொல்ல முடிந்ததைச் சொன்னாள், முடியாததற்குத் தலையை ஆட்டிவிட்டாள். இருபதாவது நிமிடம் முடிந்ததும் அவர் எழுந்து நேரம் முடிந்தது என்று சொன்னார். அவர் குரல் தடங்கலில்லாமல் வந்தது. அது அவருக்கே அருவருப்பாக இருந்தது.

பத்தொன்பது மதிப்பெண். இன்னும் ஆறு வேண்டியிருந்தது.

அந்த மாதக் கடைசியில் ஆண்டறிக்கைக்குத் தேர்வுப் பிரிவின் புள்ளிவிவரம் கேட்டார்கள். 'நியாயமான வசதிகளால் பயன்பெற்ற மாணவர்கள்' என்று ஒரு வரி. ஐந்து நிமிடம் கொடுத்தாயிற்று, அவள் அதை வாங்கியும் கொண்டாள், ஆகவே அவளும் பயன்பெற்றவள். நிமிஷக்காரர் நாற்பத்து மூன்று என்று எழுதிப் பார்த்தார். மேலே அனுப்பினால் தீர்மானங்களின் எண்ணிக்கையோடு இடிக்கும். அடித்துவிட்டு நாற்பத்து நான்கு என்று எழுதினார். பதிவாளர் அலுவலகத்திலிருந்து போன் செய்து, போன வருடத்தைவிடக் கூடியிருக்கிறதே என்று பாராட்டினார்கள்.

இரண்டு வாரம் கழித்து அவள் தன் சான்றிதழ்களைத் திரும்ப வாங்கிக்கொண்டு போக வந்தாள். அன்று கவுண்டரில் நல்ல கூட்டம். அவர் அவளை வரிசையில் நிற்கவிடாமல் உள்ளே கூப்பிட்டுத் தன் எதிரே நாற்காலியில் உட்காரவைத்தார். உறையைத் தானே எடுத்து, ஒவ்வொரு சான்றிதழாக எண்ணிக் காட்டி, பதிவேட்டைத் திருப்பிக் கையெழுத்துப் போட வேண்டிய இடத்தைக் காட்டினார். அவள் குண்டு எழுத்தில் கையெழுத்துப் போட்டாள். "அந்த மருந்துக்கடை வேலை?" என்று கேட்டார். பட்டம் வரும் என்று சேர்த்துக்கொண்ட முதலாளி இனி வைத்துக்கொள்ள முடியாது என்பது போலக் கையை விரித்தாள்.

உறையை எடுத்துக்கொண்டு எழுந்தவள், போகாமல் நின்றாள். காகிதமோ பேனாவோ எடுக்கவில்லை. வாயால் சொல்வது என்று முடிவுசெய்து வந்திருந்தாள் போலிருக்கிறது.

"சார், நீங்க அ... அன்னிக்கு..."

அவர் காத்திருந்தார்.

"அன்னிக்கு ஏ... ஏ..."

தாடை இறுகியது. கண் மூடித் திறந்தது. ஆனால் இந்த முறை அவள் பக்கத்துச் சொல்லுக்குத் தாவவில்லை. அதே சொல்லின் முன்னால் விடாப்பிடியாக நின்றாள். கவுண்டரில் யாரோ கண்ணாடியைத் தட்டினார்கள். அதைக் காரணமாக வைத்துக்கொள்ள அவருக்கு ஆசையாக இருந்தது, ஆனால் கண்ணாடியை நாள் முழுக்க யாராவது தட்டிக்கொண்டுதான் இருப்பார்கள்.

"என் கையில ஒண்ணும் இல்லம்மா," என்றார் அவர். "விதி அப்படி. நல்லபடியா இரு."

அவள் வாயை மூடினாள். தன் வாக்கியத்தை மற்றவர்கள் முடித்துவைப்பதற்குப் பழகியவர்கள் தலையாட்டுவது போல ஒருமுறை தலையாட்டினாள். உறையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு வெளியே போனாள். நிமிஷக்காரர் அடுத்தவரின் படிவத்தைக் கையில் வாங்கிக்கொண்டார். அவள் என்ன கேட்க வந்தாள் என்பது அவருக்குத் தெரியும். கேட்டு முடிக்க விட்டிருந்தால் பதில் சொல்ல வேண்டியிருக்கும்.